விடிகாலை நாலு மணிக்குத் தூங்கியவனுக்கு

என் ஜோயல் அண்ணா,

நீ போய் ரெண்டு வருஷம் ஆகிறது. கீழ்க்கட்டளை வீட்டில் இப்போ நானும் அப்பாவும்தான். உன் அறையில் நான் படுக்கிறேன்.

எத்தனை மணிக்குப் படுத்தாலும் விடிகாலை நாலுக்கு முன்னால் உனக்குத் தூக்கம் வராது. ஏழரைக்கு ஓஎம்ஆர் ஆபீசில் இருக்க வேண்டும். "மூளை நிக்க மாட்டேங்குதுடி ஜெனி. சுவிட்சை அணைச்சாலும் ஃபேன் சுத்துமே, அப்படி" என்பாய். நான் சிரிப்பேன். அப்பா சோம்பேறி என்பார். முப்பத்தோரு வயசு வரை அந்தப் பெயரோடுதான் இருந்தாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் உன்னை எழுப்பினது நான். "பத்து நிமிஷம் மட்டும்" என்று கெஞ்சினாய். அப்பா சமையலறையிலிருந்து, "போர்வையை உருவு, எழுந்திருப்பான்" என்றார். உருவினேன். பல் தேய்க்கும்போதே நீ கண்ணை மூடி நின்றதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

மேடவாக்கத்தில், நின்றுகொண்டிருந்த தண்ணி லாரியில் போய் மோதினாய். பிரேக் பிடித்த தடமே இல்லையாம். ஸ்டேஷனில், "குடிப்பாரா?" என்று கேட்டார்கள். "அந்தப் பழக்கமெல்லாம் இல்ல சார். சோம்பேறி, அவ்வளவுதான்" என்றார் அப்பா. அன்றைக்கும் அதே வார்த்தை. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஏன் வாயைத் திறக்கவில்லை?

போன வருஷம் எனக்கும் தூக்கம் போய்விட்டது. வேலையில் தப்பு மேல் தப்பு. தாம்பரத்தில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எனக்கு ஏடிஹெச்டி, கவனமும் மூளையும் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு என்றார். "இப்படி இருக்கிறவங்க பல பேருக்கு உடம்போட கடிகாரம் தள்ளித்தான் ஓடும்மா. திட்டி அதைத் திருப்ப முடியாது."

உன்னைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "நான் பார்க்காத ஆளைப் பத்திச் சொல்லக் கூடாது. ஆனா கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார். பஸ்ஸில் வீடு வரும் வரை அதுதான் காதில் கேட்டது. கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்தானே அண்ணா?

இப்போ நான் செய்வதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். லீவு நாளிலும் அதே நேரத்துக்கு எழுந்து மொட்டை மாடி வெயிலில் நிற்கிறேன். மதியத்துக்கு மேல் காபி இல்லை. ட்யூப்லைட்டைக் கழற்றி மஞ்சள் பல்பு போட்டேன். போனை ஹாலில் வைத்துவிடுகிறேன். ஆபீசில் பதினோரு மணி ஷிஃப்ட் கேட்டேன். கொடுத்தார்கள். வாரத்தில் நாலு நாள் தூங்குகிறேன். மற்ற நாள் சுவரைப் பார்த்துக் கிடக்கிறேன். உனக்கும் ஷிஃப்ட் மாற்றிக் கேள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா இப்போ என் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறார். போன ஞாயிறு சர்ச்சுக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அவன் சாவுக்கு நான்தான் காரணமா ஜெனி?"

"நேரமாச்சு, வாங்கப்பா" என்றேன்.

இனி தூங்காத நாளில் வண்டியைத் தொட மாட்டேன் அண்ணா. அப்பா மறுபடி கேட்டால் பேச்சை மாற்றவும் மாட்டேன். "நானும்தான்ப்பா" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்காருவேன்.

உன் தங்கச்சி,
ஜெனி