நூறு சதவீத ஈரம்

ஜூலை 3

மேகக் கணக்கருக்கு,

இல்லை, நான் அதைக் கேட்கவில்லை. மூன்று மேசைகளில் பாலிஷ் வெளுத்துப்போனதைச் சும்மா ஒரு செய்தியாக எழுதினேன். அதற்கு இரண்டு பக்கம் பதில். கேட்ட கேள்வி ஒன்றுதான்: மலைமேல் இருக்கும் உங்கள் வானிலை நிலையத்திலிருந்து இந்த ஊருக்கு மாற்றல் தருகிறார்களே, வருகிறீர்களா?

மாதக் கடைசிக்குள் நீங்கள் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். நான் வாடகை வீட்டுச் சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டும். நேற்றும் படியில் நின்று கேட்டார்: "ஒருத்தியாவே இருக்கப்போறியா, புருஷனும் வர்றாரா? அதைச் சொல்லும்மா முதல்ல."

வெளுத்த மேசையைப் பார்த்துப் பட்டறைத் தச்சர், "பாலைக் கொட்டித் துடைச்ச மாதிரி இருக்கே" என்றார். சிரிப்பு வரவில்லை.

பதில் எழுதுங்கள். கேட்டதற்கு.

பாலிஷ்காரி

ஜூலை 9

என் பாலிஷ்காரிக்கு,

கோபம் புரிகிறது. ஆனால் மேசை விஷயம் சின்னதில்லை. பாலிஷ் காயும்போது மேசையின் மேல்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அங்கே வந்து படிந்து பாலிஷை வெளுக்கவைக்கிறது. நீ பாலிஷ் அடிக்கும் விடியலில் காற்று குளிர்ந்திருப்பதால் கொஞ்சம் ஈரத்திலேயே அதன் வயிறு நிறைந்துவிடும். மதியம் சூடேறியதும் அதே ஈரம் அரை வயிற்றுக்குக் காணாது.

மழையில்லாத நாளிலும் நீ புழுங்குகிறாயே, வியர்வை போய்ச்சேரக் காற்றில் இடமில்லை, அதனால்தான். வறண்ட காற்றில் அதே வெயில் உதட்டை வெடிக்கவைக்கும், புழுங்காது. இங்கே ஈரம் தாங்காமல் மூடுபனியாக அறைக்குள்ளேயே வருகிறது. சட்டை நாலு நாளாகக் காயவில்லை.

மதியம் இரண்டு மணிக்குப் பாலிஷ் அடித்துப் பார்.

மாற்றல் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கணக்கன்

ஜூலை 15

கணக்கருக்கு,

மதியம் அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மலையில் உட்கார்ந்துகொண்டு என் பட்டறைக் காற்றைச் சொல்ல முடிகிறது. ஒரு 'ஆமாம்', ஒரு 'இல்லை' சொல்ல முடியவில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷம். அதில் நாலு வருஷம் யோசித்தாகிவிட்டது.

இல்லை என்றால் அழுதுவிட்டு வேலையைப் பார்ப்பேன். இந்தப் புழுக்கம்தான் தாங்கவில்லை.

பாலிஷ்காரி

ஜூலை 28

என் பாலிஷ்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் காலை அளவெடுக்கப் போனேன். இரண்டு வெப்பமானிகள். ஒன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும். துணி காயக் காய அது குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் காற்றின் ஈரத்தைக் கணக்கிடுவோம்; வித்தியாசமே இல்லையென்றால் நூறு சதவீதம்.

துணிக்குத் தண்ணீர் விட மறந்துவிட்டேன். இரண்டும் ஒரே அளவு காட்டின. பளீரென்ற வெயிலில் நூறு சதவீத ஈரம் என்று அனுப்பிவிட்டேன். மேலதிகாரி போனில், "என்னய்யா, குளத்துக்குள்ள உக்காந்து அளக்கிறியா?" என்றார். வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஆனதில்லை. என்ன சொல்லவருகிறேன் என்று உனக்குத் தெரியும்.

அவர் நல்ல மனநிலையில் இருந்தார். முடிவு சொல்ல இன்னும் மூன்று மாதம் கேட்டேன். சரி என்றுவிட்டார்.

உன் கணக்கன்

ஆகஸ்ட் 2

கணக்கருக்கு,

தெரிகிறது. நீங்கள் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த கடிதம் இதுதான். இரண்டு தடவை முழுசாகப் படித்தேன். மூன்றாம் தடவை, 'மூன்று மாதம்' என்ற இடத்தில் மடித்து வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் "ஒருத்திதான்" என்று சொன்னேன். "அப்போ இவ்ளோ பெரிய வீடு எதுக்கும்மா?" என்றார். நியாயம்தான்.

நேற்று வீட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டறையின் பின்னறைக்கு வந்தேன். ஒரு கட்டில்தான் போட முடிந்தது. இன்னொன்றைத் தச்சரிடம் கொடுத்துவிட்டேன்.

பாலிஷ்காரி