பச்சை பெயிண்ட் அடித்த பீரோ

திருச்சுழி ரோடு, அருப்புக்கோட்டை
புரட்டாசி, திங்கட்கிழமை

அன்பு மகள் அனுசியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே புனேயில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாயா என்பதைப் பொய் கலக்காமல் எழுது. போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். நம் வீட்டுப் போனில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நான் மனதில் உள்ளதைச் சொல்ல வாய் திறந்தால் டவர் இல்லை என்று கட் பண்ணுவார். அதோடு இந்தக் கவரில் ஒரு பொருள் வைத்திருக்கிறேன், அதைப் போனில் அனுப்ப முடியாது. கவரைக் கிழிக்கும்போது கீழே விழுந்திருந்தால் முதலில் தேடி எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு மேலே படி.

சங்கதி உன் கல்யாணத்துக்கு நாம் சீராகக் கொடுத்த பீரோவைப் பற்றியது. விவாகரத்து விவகாரம் தீர்ந்து பங்குனியில் உன் மாமியார் வீட்டுக் காரியாபட்டிக்காரர்கள் சாமான்களைத் திருப்பி அனுப்பினார்களே, நீ அதற்கு முன்பே புனேக்கு ரயிலேறிவிட்டாய், அது வந்த கோலத்தை நீ பார்க்கவில்லை. நாலு பேருக்குத் தெரிந்த குடும்பம் என்று பேச்சுக்குப் பேச்சு சொன்னவர்கள், ஒரு பீரோவை வைத்துக் குடித்தனம் பண்ணத் தெரியாதவர்கள். அது பார்ப்பதற்குத்தான் தேக்கு, உள்ளே மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, மேலே மைக்கா ஒட்டியது, தண்ணீர் ஆகாது என்று கடைக்காரர் அத்தனை பேர் முன்னால் சொன்னார். உன்னைக் கட்டிய சதீஸ்குமாரின் அம்மா சுத்தம் சுத்தம் என்று வாளி வாளியாக ஊற்றி வீட்டைக் கழுவியதில் அடிப்பலகை ஊறிப் பணியாரமாக உப்பியிருந்தது. கதவு ஓரத்தில் மைக்கா பெயர்ந்து வாய் பிளந்து நின்றது. கண்ணாடி முழுக்க யார் யாரோ ஒட்டிய பொட்டு. இரண்டு சாவியில் ஒன்றைத் தொலைத்துவிட்டு அதைச் சொல்லக்கூட இல்லை. பீரோவை வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்ததும் உன்னை எப்படி வைத்திருப்பார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வண்டியில் இருந்து இறக்கும் நேரம் பார்த்து உன் பரளச்சி அத்தை தங்கச்செல்வி வந்து நின்றார்கள். நல்லது கெட்டதுக்குக் கூப்பிட்டால் பஸ்ஸு இல்லை என்பவர்கள், அன்றைக்கு மட்டும் எப்படித்தான் பஸ்ஸு கிடைத்ததோ. வாசலில் நின்றுகொண்டே, போன எடத்துல நிலைக்காத சாமான நடுவீட்டுல ஏத்தாதீகப்பா, வீட்டுக்கு ஆகாது என்றார்கள். பீரோவைத்தான் சொன்னார்கள், ஆனால் அது உனக்குச் சொன்னது என்று தெரியாத அளவுக்கு நான் மடச்சி இல்லை. உன் அப்பா மில்லு கேட்டில் நிற்கும்போது லாரிக்காரனை எல்லாம் அதட்டுகிற வாட்ச்மேன், அக்கா முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. உடனே பீரோவைக் கொல்லையில் குளியலறை ஓரமாக நிறுத்தித் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார். நான் துணி துவைக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். என் மகளை வெளியே நிறுத்தி வைத்த மாதிரி எனக்கு இருக்கும், அவரிடம் சொன்னால் மரச்சாமானுக்கு என்ன தெரியும் என்பார்.

ஆடியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பெயிண்ட் அடித்துப் புதுசாக்கிப் பழைய சாமான் வாங்குகிறவர் தலையில் கட்டிவிடலாம் என்று மில்லு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழவழவென்று இருக்கிற மைக்காவில் அப்படியே அடிக்கக் கூடாது, தேய்த்துவிட்டு அடியுங்கள் என்றேன். இந்தா, கண்ணாடி மாதிரி இருந்தாத்தான் பெயிண்டு நல்லா ஓடும், எனக்குச் சொல்லித்தாறியா என்றார். அதுவும் ஆடிக் காற்றில், பட்டப்பகலில், திறந்த கொல்லையில். நம் ஊர் ஆடிக் காற்று உனக்குத் தெரியும், சோற்றுத் தட்டைத் திறந்து வைத்தால் கரிசல் தூசியைத்தான் பிசைந்து தின்ன வேண்டும். சாயங்காலம் பார்த்தால் பீரோ முழுக்க மண்ணும் பஞ்சும் ஒட்டித் தடவினால் கையைக் கிழித்தது. இதுவும் ஒரு டிசைன்தான் என்றார், உன் அப்பாவின் வீம்புக்குக் குறைவே கிடையாது. பழைய சாமான்காரர் வந்து நகத்தால் ஒரு கீறு கீறினார், பெயிண்டு பால் ஏடு மாதிரி உரிந்து அவர் கையோடு வந்தது. அவர் சிரித்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி உன் அப்பா சோறு வேண்டாம் என்றார், நான் வற்புறுத்தவில்லை.

மறுநாள் நான் இறங்கினேன். வீடியோ ஒன்று பார்த்தேன், அதில் ஒருத்தன் கையில் உறை மாட்டி, மூக்கை மூடி, பெயிண்டு டப்பாவைத் திறப்பதற்கே அரை மணி நேரம் பேசுகிறான், கூடவே தேய்க்கிற மிசின் வாங்கு, ஸ்பிரே வாங்கு என்கிறான். அதெல்லாம் வாங்குகிற காசுக்குப் புதுப் பீரோவே வந்துவிடும். நான் வாங்கியது தேய்க்கிற உப்புத்தாளும் ஒரு சின்ன டப்பா பிரைமரும்தான். நீலத்தை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு மைக்காவின் பளபளப்பு போய் வெளுக்கும் வரை தேய்த்தேன், தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது. பெயர்ந்த ஓரத்தில் மரப்பசை தடவி மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன். உப்பின இடத்தைச் சீவி, மரக்கடையில் சும்மா கிடந்த தூளைப் பசையில் குழைத்து அப்பிக் காயவிட்டேன். அதன் பிறகு உன் அப்பாவையே பிடிக்கச் சொல்லி வீட்டுக்குள் கொண்டு வந்தேன், ஆமாம், நடுவீட்டில்தான். ஜன்னலுக்கு ஈரச் சேலையைக் கட்டி, தூசி எழாமல் தரையை ஈரத்துணியால் துடைத்து, பிரைமர் அடித்து நன்றாகக் காய்ந்தபின் பெயிண்டை மெல்லிசாக ஒரு கை, காய்ந்ததும் இன்னொரு கை. அவசரப்பட்டுத் தடிமனாக அப்பினால் வழிந்துவிடும், அது பொறுமை இல்லாத ஆம்பளைகள் செய்கிற வேலை. நிறம் முருங்கை இலைப் பச்சை, பள்ளிக்கூடம் படிக்கும்போது உன் ரூமுக்கு அடிக்கச் சொல்லி நீ அழுதாயே, அதே பச்சை. அடிக்கு நாலு மூலையிலும் ஓட்டுத் துண்டை வைத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன், இனி தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. காரியாபட்டியில் யாராவது பார்த்தால் இது நம் பீரோ என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. ஆவணியில் உன் அத்தை மறுபடி வந்தார்கள். பச்சைப் பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஐப்பசிக் கடைசியில எம்மக ரேணுகாதேவிக்குக் கல்யாணம் வருதுல்ல, மாப்பிள்ளை ஊரு பாலவனத்தத்துக்குச் சீரா இத அனுப்பிருவோம், பெயிண்டு அடிச்சாச்சு, தோசம் போயிருச்சு என்றார்கள். பெயிண்டு அடித்தால் தோசம் போகும் என்பதை இத்தனை வயதுக்கு அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அத்தோடு விட்டார்களா, அனுசியாவுக்கு இனிமே பீரோ எதுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் அது வேறு எங்காவது போய் விழுந்திருக்கும். உன் அப்பா சரியென்று தலையை ஆட்டினார். அன்று சாயங்காலமே நாங்கள் போனில் கேட்டதற்கு, குடுத்துருங்க, எனக்கு எதுக்கு என்று நீயும் சொன்னாய். தீபாவளிக்கும் லீவு இல்லை என்றாய். உன் அத்தை சொன்ன அதே வார்த்தை உன் வாயிலும் வந்தது அனுசியா, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் சொன்னால் அவர்கள் புத்தி, நீ எதற்கு அதைச் சொல்கிறாய். விட்டுவிட்டு வந்தது அந்த மனிதனை, உன் வீட்டை இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்துவிட்டார்கள். கயிறு, சாக்கு, தூக்குவதற்கு ஆள் எல்லாம் தயார். உன் அப்பா கைப்பிடியை இழுத்தார், வரவில்லை. பூட்டிருக்கு, சாவி எங்க புள்ள என்றார். உள்ள அனுசியா சாமான் இருக்கு, சாவி அவகிட்ட புனேயில இருக்கு, அவ வந்து தொறந்தா எடுத்துக்கோங்க என்றேன். உன் அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்கள், நானும் அப்படியே பார்த்தேன். வண்டி வெறுமனே போனது. ரேணுகாவின் மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல பிள்ளை, அவளுக்கு உப்புத்தாளும் பிரைமரும் நானே வாங்கித் தருகிறேன், உன் அத்தை வீட்டுப் பழைய பீரோவை அவர்களே உட்கார்ந்து தேய்க்கட்டும்.

நான் அப்படிச் சொன்னபோது அந்தச் சாவி என் முந்தானையில்தான் முடிந்திருந்தது. வயதான காலத்தில் பொய் சொன்ன பாவம் எனக்கு வேண்டாம், அதனால் இன்றைக்கே இந்தக் கவரில் வைத்து உனக்கு அனுப்பிவிட்டேன், இனி நான் சொன்னது உண்மைதான். இருப்பது இந்த ஒரு சாவி, பூட்டை உடைக்க ஆள் பார்க்கிறேன் என்று உன் அப்பா நேற்றே முனகினார், உடைத்தால் தெரியும் என்றேன். உள்ளே மேல்தட்டில் உன் சர்ட்டிபிகேட்டும் துணியும், நடுத்தட்டில் என் நல்ல சேலைகளும் உன் அப்பாவின் பட்டு வேட்டியும் இருக்கின்றன. கீழ்த்தட்டு காலி, அது நீ கொண்டுவரும் பெட்டிக்கு. தீபாவளிக்கு நீ வந்து திறக்காவிட்டால் சொந்த அக்கா மகள் கல்யாணத்துக்கு உன் அப்பா கைலியோடுதான் போவார், பக்கத்தில் நான் அடுப்படிச் சேலையோடு நிற்பேன், ஊர் சிரிக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி ரொம்ப நேரம் போனை நோண்டாதே, தலைக்கு எண்ணெய் வை. நீ நூறு வயது நல்லாயிருக்க வேண்டும், யார் வாயிலும் விழாமல் தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். டிக்கெட் போட்டதும் சொல். வரும்போது வேறு எதை மறந்தாலும் சாவியை மறந்துவிடாதே.

உன் அம்மா
செ. சங்கரம்மாள்