காலியாகத் திரும்பிய கூண்டு வண்டி

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நான், அத்தை, நம் வாயாடி மகள், கோழிகள் எல்லோரும் நலம். கோழிகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேனே, அதிலேயே பாதிச் சேதி புரிந்திருக்கும். மீதியை நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

கோழிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன, கொண்டை வெளுத்து, கண் வீங்கி மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றன என்று போன கடிதத்தில் அழாத குறையாக எழுதியிருந்தேன். பண்ணை தேறாவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தம் போட்டு அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் அண்ணன் அதற்குள் முடிவே கட்டிவிட்டார். "இதுங்கள வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப்போறே? வந்த வெலைக்குத் தள்ளிவிடு" என்று சொல்லிக் கறிக்கடைக்காரரையும் வரச் சொல்லிவிட்டார்.

கறிக்கடைக்காரர் வரவேண்டிய காலையில், தண்ணீர்த் தட்டு ஒன்று ஒழுகுகிறதே என்று சரிசெய்யக் கொட்டகைக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கண்ணில் மிளகாயைத் தேய்த்த மாதிரி எரிந்தது! எழுந்து நின்றால் அவ்வளவாக இல்லை. மறுபடி உட்கார்ந்தேன், பழையபடி எரிச்சல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் எல்லோரும் நின்றுகொண்டேதான் கோழியைப் பார்த்திருக்கிறோம். அவை மூச்சுவிடுவதோ நம் முழங்காலுக்குக் கீழே.

தரையில் பரப்பியிருந்த உமியைக் கிளறினேன். மேலே காய்ந்திருந்தது, அடியில் எச்சமும் தண்ணீரும் ஊறிக் களியாகிக் கிடந்தது. அந்த நெடி வெளியே போக வழியே இல்லை. ஏன் தெரியுமா? குளிர் காற்று ஒரு பொட்டுகூட உள்ளே போகக் கூடாது, படுதாவை இறக்கியே வை என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினீர்களே, மகராசன்! நானும் பதிவிரதையாகச் சந்து பொந்தெல்லாம் சாக்கு வைத்து அடைத்திருந்தேன். வந்த கோபத்தில் ஒரு பக்கப் படுதாவை இழுத்ததில் கயிறே கையோடு வந்துவிட்டது.

ஓடிப்போய்க் கால்நடை மருத்துவரை அழைத்துவந்தேன். சில கோழிகளின் கண்ணையும் தொண்டையையும் பார்த்துவிட்டு, "இது தொத்து நோய் இல்லம்மா, அமோனியா நெடி. தரையைக் காயவெச்சுக் காத்தை விடுங்க, தேறிடும்" என்றார்.

உங்கள் அண்ணன் நம்பவில்லை. வாசலில் கூண்டு வண்டி வேறு வந்து நின்றது. "ஒரு நிமிஷம் கோழி உசரத்துக்கு உக்காந்து பாருங்க மாமா" என்று, இன்னும் படுதா விலக்காத மூலையில் அவரை உட்காரவைத்தேன். தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டு வெளியே வந்தவரைப் பார்த்து, "எம் பிள்ளைய ஏன்டி அழவெச்சே?" என்று அத்தை பதறிப்போனார்கள். கறிக்கடைக்காரரை அண்ணனே போய் அனுப்பிவைத்தார். வண்டி காலியாகத் திரும்பியது. கைதட்டிக் கூச்சல் போட வேண்டும் போலிருந்தது, போட்டேன்.

பிறகு நானும் அண்ணனும் பழைய உமியை எல்லாம் அள்ளிக் கொட்டி, தரைக்குச் சுண்ணாம்பு அடித்துப் புதிய உமி பரப்பினோம். படுதாவை மேல்பக்கம் எப்போதும் திறந்தே வைக்கிறேன். தண்ணீர்த் தட்டைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியதில் சிந்துவதும் நின்றது. தினமும் ஒருமுறை உள்ளே போய் உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்க்கிறேன்.

இப்போது வந்து பார்க்க வேண்டும் நீங்கள்! கொண்டை எல்லாம் செக்கச் செவேலென்று, நடையில் என்ன ஒரு திமிர்! முட்டை பொறுக்கி என் இடுப்பு ஒடிகிறது. ரொட்டிக்கடைக்காரர் மொத்தத்தையும் தனக்கே தரச் சொல்லி வீட்டுக்கே வந்துவிட்டார். உங்கள் அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லித் திரிகிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒரே ஒரு கவலைதான். அப்பா எப்ப வருவாரு என்று நச்சரித்துக்கொண்டே இருந்த நம் வாயாடி, கொஞ்ச நாளாக அதைக் கேட்பதே இல்லை.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொண்டு, நல்லபடியாக வந்து சேருங்கள். கோழிகளுக்காக வரவேண்டாம். அவற்றுக்கு நீங்கள் தேவையில்லை, நானே போதும்.

இப்படிக்கு,
உங்கள் பண்ணைக்காரி