லைசென்ஸில் நான் 140 பவுண்டு

ஏப்ரல் 6

டிரெய்லர் வந்துவிட்டது: வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சக்கர வீடு. இருபது அடி, வெள்ளை, பக்கவாட்டில் பச்சைக் கோடு. முப்பத்தோரு வருடம் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் கரண்டி பிடித்துச் சேர்த்ததில் வாங்கினேன். என் வீட்டுக்காரர் கர்ட்டிஸ் அதை மூன்று சுற்று சுற்றி, டயரை உதைத்தார். டயரை உதைக்காமல் இந்த ஆளுக்கு யோசனையே ஓடாது.

"நம்ம எஸ்யூவிக்கு இது தாங்காது, நாடீன். எடை தாண்டுச்சுன்னா பக்கத்து வீட்டு லைலுக்குக் குடுத்துடணும். அவன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"தாண்டலைன்னா?"

"தாண்டும்."

சரி என்றேன். ஏரிக்கரையில் ஒரு கோடையாவது காலை நீட்டி உட்காராமல் லைலுக்குக் கொடுப்பேனா?

ஏப்ரல் 10

கொக்கி மாட்டியாயிற்று. டிரெய்லரின் பாரத்தை முன்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கம்பிகளும் வந்தாயிற்று. ஸ்டியரிங்குக்குக் கீழே டிரெய்லர் பிரேக்குக்கென்று ஒரு சின்ன நெம்புகோல். எல்லாம் நானே படித்து, நானே நின்று மாட்ட வைத்தது.

ஏப்ரல் 13

சமையலறை மேசையில் கணக்கு. வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று கதவோரச் சீட்டில் இருக்கிறது. அதில் டிரெய்லரின் மூக்கு அழுத்தும் எடையைக் கழித்து, ஆட்களையும் சாமானையும் கழிக்க வேண்டும்.

"உன் எடை?" என்றார்.

"140. லைசென்ஸ்லயே இருக்கே."

"என்னுது 180. அதுவும் லைசென்ஸ்லயே இருக்கு."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுதிக்கொண்டோம். நாய் ரூபி 62; அவளை மருத்துவர் போன வாரம்தான் நிறுத்தார். 80 பவுண்டு மிச்சம்! ஜெயித்தேன்.

ஏப்ரல் 14

லைசென்ஸ் எடுத்தது 1994-இல். அதில் எடை நாம் சொல்வதுதான், யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அதுக்கென்ன இப்போ?

ஏப்ரல் 20

நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுக்கும் எடைமேடை. ஏறி நின்றோம், சீட்டு வந்தது. 60 பவுண்டு அதிகம்.

எப்படி? ரூபி பொய் சொல்லமாட்டாள்.

"நீ இறங்கு. நீ இல்லாம ஒரு தடவை போட்டுப் பாக்கலாம்" என்றார்.

"முதல்ல நீங்க இறங்குங்க."

"நான்தான் ஓட்டுறேன்."

"நான் ஓட்டுறேன், இறங்குங்க."

யாரும் இறங்கவில்லை. பின்னால் மாட்டு லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

லைல் பேச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "மேடை சரியில்ல" என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வண்டியில இருக்கிற கருவிப்பெட்டியைத் தூக்கி டிரெய்லர் பின்கோடியில வெச்சுட்டா மூக்கு லேசாயிடும், கணக்கு சரியாயிடும்." டிரெய்லரே வேண்டாம் என்றவர் டிரெய்லருக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறார்? கேட்டிருக்க வேண்டும். கேட்டால் என் 140-ஐப் பற்றி அவர் கேட்பார். வாயை மூடிக்கொண்டு பெட்டியை ஒரு பக்கம் தூக்கினேன்.

தப்பு. பெரிய தப்பு. பின்னால் கனம் வைக்காதே என்று நான்தான் படித்துச் சொன்னேன்!

வீடு திரும்பும் இறக்கத்தில் பக்கவாட்டுக் காற்று. டிரெய்லரின் பின்புறம் ஆட ஆரம்பித்தது — இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஒவ்வொரு தடவையும் கூடுதலாக. வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது.

"பிரேக்க மிதிக்காதய்யா! காலை எடு, காலை எடு!" என்று கத்தி, எட்டி அந்த நெம்புகோலை அழுத்தினேன். டிரெய்லர் மட்டும் பிடித்து நேரானது. ஓரங்கட்டினோம். அழ ஆரம்பித்தேன். செத்திருப்போம்.

கர்ட்டிஸ்தான் முதலில் பேசினார். "236."

"183" என்றேன்.

"பின்சீட்டுக்கு அடியில குதிரைலாட செட்டு. கம்பியோட நாப்பது பவுண்டு."

"எதுக்கு?"

"ஏரிக்கரையில, நட்ட கம்பியில லாடத்தை எறிஞ்சு மாட்டுற போட்டி இருக்காம். பேர் குடுத்துட்டேன்."

"என்னைக்குக் குடுத்தீங்க?"

"டிரெய்லர் வந்த அன்னிக்கு."

டயரை உதைத்த அன்றைக்கே! அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். அந்தச் சாலையோரத்திலேயே பெட்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, ஊர்ந்தே வீடு வந்தோம்.

ஏப்ரல் 27

கருவிப்பெட்டி வீட்டில். லாடங்கள் டிரெய்லர் சக்கரத்துக்கு நேர்மேலே. எழுதிய எடையெல்லாம் நிஜ எடை. மேடை: 20 பவுண்டு மிச்சம்.

மே 3

லைல் வேலியோரம் வந்து, "என்னப்பா, எப்ப தர்றே?" என்றான். "நல்லா இழுக்குதே" என்றார் கர்ட்டிஸ், ஏதோ அவரே வாங்கியதுபோல.

ஜூன் 15, ஏரிக்கரை

லாடப் போட்டியில் கர்ட்டிஸுக்குக் கடைசி இடம். காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்குத் தபாலில் வந்த லைசென்ஸ் புதுப்பிக்கும் தாள்களைக் கையோடு கொண்டுவந்திருந்தோம். மடியில் வைத்து நிரப்பினோம். எட்டிப் பார்த்தேன். 180 என்று எழுதியிருந்தார்.

"யோவ்!"

"இது சர்க்காருக்கு. டிரெய்லர்கிட்டதான் பொய் சொல்லக் கூடாது."

நியாயம்தான். நான் 140 என்று எழுதி, பேனாவை மூடினேன்.