இரண்டு வீட்டுச் சாப்பாடும் ஒரு முக்கோணமும்

லைடன், நெதர்லாந்து
3 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மாரி எழுதுகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடுதான் சப்பென்று இருக்கிறது. போனில் சித்தப்பா பேச்சை எடுத்தாலே "சரி, அம்மாட்டக் குடுக்கேன்" என்று நழுவிவிடுகிறீர்கள். கடிதத்தில் நழுவ முடியாது பாருங்கள், அதனால்தான் இது.

அங்கே என்னதான் ஆராய்ச்சி என்று கேட்டீர்களே, சொல்கிறேன். யார் யாருக்கு வேண்டியவர், யார் யாருக்கு ஆகாதவர் என்று மனிதர்களைக் கோடு போட்டு இணைத்து, காந்தத்துக்குள் இருக்கும் அணுக்களுக்கு இயற்பியலில் போடும் கணக்கை அவர்களுக்கும் போட்டுப் பார்க்கிறோம். மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். மூவரும் ஒற்றுமை என்றால் அந்த முக்கோணம் நிற்கும். இரண்டு பேர் சேர்ந்துகொண்டு மூன்றாவது ஆளைப் பகைத்தாலும் நிற்கும். ஆனால் ஒருவருக்கு இரண்டு பேருமே வேண்டும், அந்த இரண்டு பேருக்குள் ஆகாது என்றால் அது நிற்காது. ஏதோ ஒரு பக்கம் மாறித்தான் ஆக வேண்டும்.

போன தடவை வந்தபோது தங்கபாண்டிச் சித்தப்பா வீட்டில் இரண்டு தோசை சாப்பிட்டேன். அதற்கு நான் விமானம் ஏறும்வரை நீங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் உங்கள் கூடப்பிறந்த தம்பி, அப்பா. எனக்கு இரண்டு பேருமே வேண்டும். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வருகிறேன். இரண்டு வீட்டிலும் சாப்பிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள்,
மாரீஸ்வரி


மல்லாங்கிணறு
24.11.2024

அன்பு மகள் மாரீஸ்வரிக்கு அப்பா எழுதிக்கொண்டது.

கடிதம் வந்தது. உன் அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மழை பரவாயில்லை. மக்காச்சோளத்தில் புழு விழுந்து இரண்டு முறை மருந்தடித்தாயிற்று.

மனுஷன் என்ன காந்தமா தாயி? காந்தத்துக்கு மானம் ரோஷம் உண்டா? தங்கபாண்டி வீடு கட்டிப் பால் காய்ச்சினான். பஸ் ஸ்டாண்டில் பழக்கடைக்காரனுக்கெல்லாம் நேரில் போய்ப் பத்திரிகை வைத்தான். சொந்த அண்ணனுக்கு மட்டும் தன் மகன் மதன்குமார் கையில் கொடுத்தனுப்பினான். வெற்றிலை பாக்கோடு வாசலில் வந்து நின்று, "அண்ணே, முன்னாடி வந்து நிக்கணும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் வாயில் முத்து உதிர்ந்துவிடுமா? ஐந்து வருஷமாச்சு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் கணக்கு எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அவன் வீட்டில் கைநனைத்தால் இந்த வீட்டுப் பக்கம் வர வேண்டாம். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்.

இப்படிக்கு,
அப்பா மொக்கையன்


லைடன்
14 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

காதைக் கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், பிறகு கோபம் வந்தது. பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று ஊரே சொன்னபோது, பீஸ் கட்டியது நீங்கள். தினம் அருப்புக்கோட்டைக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டது சித்தப்பா. இதில் யாரை நான் விட?

ஒரு வீட்டில் சாப்பிட்டால் இன்னொரு வீட்டில் இடமில்லை என்றால் நான் வரவில்லை. பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். என் கணக்குப்படி ஒரு பகை இரண்டு பேரோடு நிற்காது. ஊரையே இரண்டு பக்கமாகப் பிரித்துவிடும். உங்களுக்கு வேண்டியவர்கள் சித்தப்பாவோடு இப்போதும் நன்றாகப் பழகுகிறார்களா என்று பாருங்கள். பழகினால் என் கணக்கு தப்பு, நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

மாரீஸ்வரி


மல்லாங்கிணறு
8.1.2025

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கணக்கைத் தப்பாக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்பினேன். முதலில் நம் அய்யப்பன் டீக்கடை. "தங்கபாண்டி இங்க வாரானாப்பா?" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"நீங்க வார கடைக்கு அவுக எப்பிடிண்ணே வருவாக? அவுக பேரன் மொட்டைக்குக் கூட உங்க முகத்துக்காக நான் போகல."

நான் போகாதே என்று சொன்னேனா? கடவுள் சத்தியமாகச் சொல்லவில்லை. உழவு டிராக்டர்க்காரன் உதயகுமாரும் அதையே சொன்னான். எரிச்சலோடு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னால், அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இப்பத்தான் தெரியுதாக்கும்? நானும் கனகமும் ஒண்ணாப் பருத்தி எடுத்தவுக. உங்களாலதான் இப்ப ஒத்தையில போறேன். செடிகிட்டயா பேச?"

கனகலட்சுமி உன் சித்தி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். உன் அம்மாவுக்கு அவள்தான் கூட்டாளி என்பது எனக்கு இத்தனை வருஷம் உறைக்கவில்லை. மனசு கேட்கவில்லை தாயி.

நேற்றுக் காலை வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். நேரில்தான் அழைக்க வேண்டும் என்று குதித்தவன் நான்தானே. கனகலட்சுமி வாசலில் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடி, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குடித்தேன். தங்கபாண்டி உள்ளேயிருந்து துண்டை உதறிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் யோசித்து வைத்த நான்கு வார்த்தையை விட்டுவிட்டு வெற்றிலை பாக்கை நீட்டினேன்.

"ஏலே, சிவராத்திரிக்குக் கோயிலுக்கு வந்துரு. நீ வராம பொங்கப் பானை வைக்க மாட்டேன்."

"உக்காருங்கண்ணே. இட்லி ஆறுது" என்றான். பத்திரிகைப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆறு இட்லி சாப்பிட்டேன். அவன் வீட்டுச் சாம்பார் இன்னமும் உப்பு ஜாஸ்திதான்.

டிக்கெட் எடு. இரண்டு வீட்டிலும் சாப்பிடு.

அப்பா


லைடன்
30 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ரயிலில் வைத்துப் படித்தேன். எதிரே இருந்த பாட்டி கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவு அழுகை. எனக்காக அந்த வாசல் ஏறினீர்களே அப்பா.

இதை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. சிவராத்திரி வாரத்தில் இங்கே ஒரு பெரிய கூட்டம். ஊருக்குப் போகவில்லை என்று அப்போதே இங்கும் சொல்லிவிட்டேன், அதனால் என் பேராசிரியர் பேச்சாளராக என் பெயரைக் கொடுத்துவிட்டார். பகைகள் எப்படித் தீர்கின்றன என்பதுதான் தலைப்பு. நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பிடிவாதம் பிடிக்காமல் முதலிலேயே டிக்கெட் எடுத்திருக்கலாம். சித்திரையில் கண்டிப்பாக வருகிறேன். சித்தப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு பேரும் என்மேல் கோபப்படாதீர்கள்.

மாரி


மல்லாங்கிணறு
1.3.2025

மகள் மாரீஸ்வரிக்கு,

அன்பு என்று எழுத வேண்டாம் என்று தங்கபாண்டி சொல்கிறான். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

கோயிலுக்கு ஒரே வண்டியில் போனோம். அய்யப்பன் கடையைச் சாத்திவிட்டு வந்தான். உன் அம்மாவும் கனகமும் பேசிய பேச்சில் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. உனக்கென்று போட்ட இலை சும்மா கிடந்தது. உன் சித்தப்பன் அதை எடுக்கவிடவில்லை. "பாப்பா வந்துருவாண்ணே" என்று வெயில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான், நீ வரமாட்டாய் என்று தெரிந்தும்.

திரும்பும் வழியில் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தோம். நான் விட்ட இடத்தில் அவன் எடுத்தான். அவன் விட்டதை நான் எடுத்தேன். இப்படி ஒரே பேச்சாக நாங்கள் பேசி ஐந்து வருஷமாச்சு.

இரண்டு பேர் சேர்ந்துகொண்டு மூன்றாவது ஆள்மேல் கோபமாக இருந்தாலும் முக்கோணம் நிற்கும் என்று எழுதியிருந்தாயே. வாஸ்தவம்தான், அசையாமல் நிற்கிறது. சித்திரையில் நீ நேரில் வந்து இரண்டு வாசலிலும் நின்று எங்களைக் கூப்பிடும்வரை நிற்கும். யார் கையிலும் சொல்லி அனுப்பாதே.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கும்
மொக்கையன்
தங்கபாண்டி