சினேகாவின் அரை டிக்கெட்

வேங்கிக்கால்,
ஜூன் 3.

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, எழில், குழந்தை சினேகா நாலு பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அண்ணாமலையார் புண்ணியத்தில் நீயும் அந்த ஓமன் வெயிலில் நல்லபடியாக இருக்க வேண்டும். உடம்புக்குக் குறையில்லை என்று முதலிலேயே எழுதிவிட்டேன், ஏனென்றால் வாரம் தவறாமல் போனில் பேசுகிற அப்பன் திடீரென்று கடிதம் எழுதினால் நீ பயந்துவிடுவாய். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் எழில் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், குழந்தை பக்கத்திலேயே நிற்கிறாள், உன் அம்மா பின்னாலிருந்து இதைச் சொல்லு அதைச் சொல்லாதே என்று கையை ஆட்டுகிறாள். கீழ்பென்னாத்தூர் சக்கரவர்த்தி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை உன் ஊருக்கே திரும்புகிறான், அவனிடம் வறுத்த வேர்க்கடலையும் அம்மா அரைத்த பருப்புப் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே, கட்டி தட்டிவிடும். கடிதத்தை ரூமில் ஆள் இல்லாதபோது படி.

விஷயம், ராட்டினமும் தண்ணீர் விளையாட்டும் உள்ள அந்தப் பார்க்குக்குச் சினேகாவை அழைத்துப் போனது. எனக்கு லீவு கிடைக்கவில்லை, அதற்காகக் குழந்தையின் மே மாதம் வீணாக வேண்டாம், நீங்கள் கூட்டிப் போங்கள் என்று சொல்லிப் பணமும் அனுப்பினாய். போய் வந்த அன்று போனில் நன்றாக இருந்தது என்றோம், வாசலில் எடுத்த போட்டோவையும் அனுப்பினோம், நீயும் இதயம் போட்டாய். நன்றாக இல்லை அறிவு. அன்றிலிருந்து குழந்தை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. எழிலும் சாப்பிட வாங்க மாமா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிப் பேசுவதில்லை. அவர்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லை. என்ன நடந்தது என்பதை நீ அவர்கள் வாயால் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், உன் அம்மா எல்லம்மாளுக்குக் கூடத் தெரியாது, மளிகைச் சீட்டு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ முதல் தடவை லீவில் வந்தபோது காசி சித்தப்பா வேனில் பதினோரு பேர் அந்தப் பார்க்குக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? உள்ளே சோறு கொண்டுபோக விடமாட்டார்கள் என்று தெரிந்து, வேன் நிறுத்துகிற இடத்திலேயே மரத்தடியில் உட்கார்ந்து புளிசாதத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு உள்ளே போனோம். அப்போதே டிக்கெட் ஜாஸ்தி என்று நான் முணுமுணுத்தேன், நீ காதில் வாங்கவில்லை. அடுத்த வருஷம் விலையை ஏற்றினார்கள், காசி தன் குடும்பத்தைக் கழற்றிக்கொண்டான், அவன் பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் சாத்தனூர் அணையும் மோட்டார் கொட்டகைத் தொட்டியும்தான் மே மாதம். பிறகு இன்னொரு தடவை ஏற்றினார்கள், உன் அம்மாவுக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்துவிட்டது, மலை சுற்றப் போகிற பௌர்ணமிக்கு மட்டும் அந்த வலி வருவதில்லை என்பதை நீயும் கவனித்திருப்பாய். இப்படிக் குறைந்து குறைந்து போன வருஷம் நாலு பேர் ஆனோம், இந்த வருஷம் மூன்று பேர். நானும் கூட வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றுதான் சொன்னேன். நீங்க வெயில்ல வெளிய உக்காந்திருந்தா எனக்கு உள்ள என்ன சந்தோஷம் மாமா என்று எழில்தான் விடவில்லை.

ஆன்லைனில் எடுத்தால் கம்மி என்று அவள் ஒரு வாரம் முன்பே சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்து கையால் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவனுக்கு, போனில் வருகிற கட்டம் கட்டமான படத்தை டிக்கெட் என்று நம்ப மனசு வரவில்லை. போன வருஷத்து விலையை வைத்துக் கணக்குப் போட்டு, பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மிடுக்காகப் போய் நின்றேன். போர்டைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி விலை, அதற்கு மேல் வரி, பையும் போனும் வைக்கிற லாக்கருக்குத் தனி. மூன்று முழு டிக்கெட் எடுத்தால் மத்தியானம் மூன்று பேரும் பட்டினி. எழில் போனை எடுத்து நான் கட்டிடறேன் மாமா என்றாள். அத்தனை ஜனத்துக்கு நடுவில் மருமகள் பணம் கட்ட நான் பின்னால் நிற்பதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது, நீ போய்த் தண்ணி பாட்டில் ரொப்பிக்கிட்டு வாம்மா என்று அவளை அனுப்பிவிட்டேன்.

கவுண்டர் பக்கத்துச் சுவரில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். பிள்ளையின் தலை கோட்டுக்குக் கீழே இருந்தால் விலை கம்மி, நம் பாஷையில் அரை டிக்கெட், தாண்டினால் முழு டிக்கெட். சினேகா தாண்டிவிட்டாள் என்பது எனக்குத் தெரியாதா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடு அறைக் கதவு நிலையில் அவளை நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு உனக்குப் போட்டோ அனுப்புகிறவன் நான்தானே. இரண்டு விரற்கடைதான் கூடுதல். கணுக்கால் வரைக்கும் கவுன் போட்டிருந்தாள். குனிந்து அவள் காதோடு சொன்னேன், "முட்டிய கொஞ்சம் மடக்கிக்கோ கண்ணு, வெளிய தெரியாது." அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "இந்த வருஷம் நான் கோட்டைத் தாண்டிடுவேன்னு அப்பா சொன்னாரே தாத்தா" என்றாள். அது உள்ளே இருக்கிற கோடு, இது வேறே என்று அவசரமாகச் சொன்னேன். மடக்கினாள். கவுண்டரில் இருந்த பெண் அரைப் பார்வை பார்த்துவிட்டு அவள் கையில் பச்சைப் பட்டை கட்டினாள், எங்களுக்குச் சிவப்பு. பள்ளிக்கூடச் சட்டையோடு நிற்கிற பிள்ளையை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு இன்னும் வயசாகல சார் என்று சொன்ன தாய்மாரை எத்தனை பேரை நான் பஸ்ஸில் நாலு பேர் பார்க்க எழுப்பி நிறுத்தியிருப்பேன், அவர்களில் ஒருத்தி முகம் கூட அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

போன வருஷம் நீ அவளை அந்தத் தலைகீழாகச் சுற்றுகிற பெரிய வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அங்கே இருக்கிற கோட்டைக் காட்டி, இன்னும் கொஞ்சம்தான், அடுத்த வருஷம் நாம சேர்ந்து ஏறலாம் என்று சொன்னாயாமே. நான் அப்போது நிழலில் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் வருஷம் முழுக்க முகம் சுளிக்காமல் பால் குடித்தாள் என்பதை எழில் பிறகுதான் சொன்னாள். நீ இல்லாததால் நான்தான் வரிசையில் கூட நின்றேன். எழிலுக்கு அது தலை சுற்றும், அலை அடிக்கிற குளத்துப் பக்கம் இருக்கிறேன் என்று போய்விட்டாள். எங்கள் முறை வந்ததும் சினேகா தானாகவே ஓடிப்போய்க் கோட்டடியில் குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்றாள். தாண்டியிருந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வண்டியில் ஆள் ஏற்றுகிற பையன் அவள் கையைப் பார்த்தான். பச்சைப் பட்டைக்கு இது கிடையாதே, இவ்வளவு உயரமான பாப்பாவுக்கு எப்படிப் பச்சை கட்டினாங்க, டிக்கெட் எடுத்தது யாரு என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். சினேகா என்னைத்தான் பார்த்தாள். நான் சொன்னேன், "அவளாத்தாம்பா அங்க மடக்கிக்கிட்டு நின்னுட்டா, எனக்குத் தெரியாது."

பின்னால் நின்ற ஒரு அம்மாள், இந்த வயசுலயே என்ன கில்லாடித்தனம் பாரு என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அந்தப் பையனிடம் மீதியைக் கட்டிவிடுகிறேன், ஏற்றிவிடப்பா என்று வாதாடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் குழந்தை இல்லை.

வரிசையில் முன்னும் பின்னும் பார்த்தேன், கழிப்பறைப் பக்கம் ஓடினேன், ஐஸ்கிரீம் கடையில் கேட்டேன். போன் இரண்டும் லாக்கரில். எழிலைத் தேடிக்கொண்டு குளத்துக்குப் போனால் அந்நேரம் பார்த்து அலை விடுகிற சங்கு ஊதுகிறது, நூறு பிள்ளைகள் கத்திக்கொண்டு தண்ணீரில் பாய்கிறார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. தண்ணீரில் தெரிகிற ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன், எல்லாமே அவள் மாதிரி இருந்தது, ஒன்றும் அவளாக இல்லை. எழிலிடம் சொன்னதும் அவள் குழந்தை எங்கே என்று கூடக் கேட்கவில்லை, "அவகிட்ட என்ன மாமா சொன்னீங்க?" என்றுதான் கேட்டாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு மைக் அறைக்கு ஓடினேன். மைக்கில் பேர் சொன்னார்கள், இரண்டு தடவை சொன்னார்கள், ஆள் வரவில்லை. எழில் செருப்பில்லாமல் அந்தச் சுடுகிற தரையில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். உனக்குப் போன் போட்டு எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று நான் நினைக்க ஆரம்பித்துவிட்டேன், அதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

கடைசியில் காவலுக்கு இருந்த ஒரு பெண் வந்து எங்களை வாசலுக்குக் கூட்டிப் போனாள். கவுண்டர் பக்கத்துச் சுவரில், அந்தக் கோட்டடியில் நின்றிருந்தாள் நம் குழந்தை. குதிகால் ஒட்டி, கை இரண்டும் தொங்கவிட்டு, பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிற்கிற மாதிரி நேராக நின்றிருந்தாள். பேர் கேட்டாலும் சொல்லவில்லையாம், அம்மா நம்பர் கேட்டாலும் சொல்லவில்லையாம். வந்து போகிறவர்களிடம் எல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். "இப்ப நான் மடக்கல. அளந்து பாருங்க."

எழில் அவளை வாரி அணைத்துக்கொண்டாள், என் பக்கம் திரும்பவே இல்லை. போனை எடுத்துவந்து மீதிப் பணத்தைக் கட்டினாள், நான் பின்னால் நின்றிருந்தேன். பச்சையை வெட்டிவிட்டுச் சிவப்புப் பட்டை கட்டினார்கள். அந்த வண்டிப் பையன் நல்ல மாதிரி, வரிசையில் நிற்க வேண்டாம், பாப்பாவை நேராக அனுப்புங்கள் என்றான். வா கண்ணு, ஏறிட்டு வந்துடலாம் என்றேன். "வேணாங்க தாத்தா" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை வா போ என்று பேசுகிற பிள்ளை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்தார்கள், நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். திண்டிவனம் தாண்டின பிறகு எழில் ஒரு தடவை திரும்பி, அவர்கிட்ட இப்ப எதுவும் சொல்ல வேணாம் மாமா, அங்க தனியா உக்காந்து கவலைப்படுவார் என்றாள். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள் என்று நினைத்துக்கொள்ளாதே, உன்னை நினைத்துச் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. ஊர் முழுக்க ஜனம், நம் தெருவிலேயே நாலு வெளியூர் வண்டி நிற்கிறது. சாயங்காலம் வழக்கம்போலப் பென்சிலையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு சினேகாவைக் கூப்பிட்டேன். மறுக்கவில்லை, வந்து கதவு நிலையில் முதுகை வைத்தாள். நான் ஸ்கேலைத் தலைமேல் வைக்கப் போகும்போது கேட்டாள், "நேரா நிக்கட்டுங்களா தாத்தா, மடக்கிட்டு நிக்கட்டுங்களா?" கிண்டல் இல்லை அறிவு. கிண்டலாக இருந்தால் நானும் ஒன்று சொல்லிச் சிரித்திருப்பேன். எனக்கு எது வேண்டுமோ அப்படி நிற்பதற்காகக் கேட்டாள். என் கையால் கோடு போட முடியவில்லை. எழில் உள்ளேயிருந்து வந்து, நேரா நில்லு பாப்பா என்று சொல்லி, என்னிடமிருந்து பென்சிலை வாங்கிப் போட்டாள். உனக்கு வந்த போட்டோவில் இந்த மாதக் கோடு கொஞ்சம் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பாய், அது அவள் போட்டது.

அடுத்த வருஷம் எல்லோரும் சாத்தனூருக்கே வந்துவிடுங்கள் என்கிறான் காசி. உன் அம்மாவும் அந்தப் பார்க் பேச்சை எடுக்காதே என்கிறாள். குழந்தையைக் கேட்டால் எங்கன்னாலும் சரிங்க என்கிறாள், அந்தச் சரிங்க எனக்கு வேண்டாம். நீ லீவில் வருகிற வருஷம், விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் ஏறட்டும், அவளுக்கு முழு டிக்கெட் எடுத்து அந்த வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்துகொள். நான் வரவில்லை. டிக்கெட் விலைக்குப் பயந்து சொல்கிறேன் என்று நினைக்காதே.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே, சக்கரவர்த்தியிடம் பொடி டப்பாவை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள். அண்ணாமலையார் உனக்கு நல்ல ஆயுசும், சீக்கிரம் ஒரு லீவும் கொடுக்கட்டும். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். இன்றைக்கோ ஒரு வருஷம் கழித்தோ குழந்தை இதை உன்னிடம் சொல்வாள், அப்போது புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொள். தாத்தா வயசானவரு, ஏதோ தெரியாம சொல்லிட்டாரு என்று மட்டும் எனக்காகப் பேசிவிடாதே. தெரிந்துதான் சொன்னேன்.

இப்படிக்கு
உன் அப்பா
இருசப்பன்