மனப்பாடமாய்ப் படித்த பலகை

மே 28

என் அன்புத் தம்பிக்கு,

லீவுக்கு வந்த உன் பெண் வாண்டு பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். பதினைந்து நாளும் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுப் போய்விட்டாள். இப்போது வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அவள் விட்டுப்போன ஒற்றைச் செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. அடுத்த முறை வரும்போது கொடுக்கிறேன்.

இதைப் போனில் சொல்லலாம். ஆனால் நீ பாதியில், "சரிக்கா, கடைல ஆள் நிக்குது" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை உன்னால் அப்படி வெட்ட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, மாடியில் விளையாடியபோது அவள் வலது கண்ணில் தூசி விழுந்தது. ஈரத்துணியை மடித்து அந்தக் கண்மேல் வைத்து, "கொஞ்ச நேரம் அமுக்கிக்கிட்டு உட்காருடி" என்று சொன்னேன். தண்ணீர் வேண்டும் என்று எழுந்தவள் சுவரைத் தடவிக்கொண்டு போனாள். மேஜைமேல் இருந்த தம்ளரைத் தட்டிவிட்டாள். நல்ல பகல் வெளிச்சம்.

சுவர்க் கடிகாரத்தைக் காட்டி மணி கேட்டேன். "முள்ளே தெரியலியே அத்தை" என்றாள். துணியை இடது கண்ணுக்கு மாற்றச் சொன்னேன். உடனே "நாலே கால்" என்றாள். பிறகு ஒரு தாளில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிச் சுவரில் ஒட்டி, வலது கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னேன். ஒன்றுகூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நன்றாகப் படி:

"அப்பா கடைல இருக்கற மாதிரி அதே வரிசைல எழுது அத்தை. அப்ப நான் எல்லாத்தையும் கரெக்டா சொல்லுவேன்."

புரிகிறதா? தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து உன் கண்ணாடிக் கடையில், கண் பார்க்க மாட்டியிருக்கும் அந்த எழுத்துப் பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். வருகிற போகிறவர்கள் எல்லாம் படிப்பதைக் கேட்டுக் கேட்டு ஐந்து வரியும் அவளுக்கு மனப்பாடம். நீ அந்தப் பலகையைக் காட்டிச் சோதித்தது அவள் ஞாபகசக்தியை. கண்ணை இல்லை.

கூட்டிப்போக வந்த உன் மனைவியிடம் பஸ் ஏற்றும்போதே சொன்னேன். "அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க அண்ணி, நான் சொன்னா எடுபடாது" என்றாள். சொல்லிவிட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

அன்புடன்,
உன் அக்கா

ஜூன் 4

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கடையில் மனம் ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். லேத்தில் இரும்பு கடைகிற நீ எனக்குக் கண் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறாய். நல்லது.

நீ சொன்னதற்காக நேற்றும் நிற்க வைத்துப் பார்த்தேன். வலது, இடது இரண்டிலும் ஐந்து வரியையும் கடகடவென்று படித்தாள். மனப்பாடம் என்கிறாய். ஏழு வயசுப் பிள்ளைக்கு வாய்ப்பாடே நிற்க மாட்டேன் என்கிறது, இது நிற்குமா? அவளுக்கு மாறுகண் கிடையாது, தலைவலி கிடையாது, வகுப்பில் முதல் மூன்று ராங்குக்குள் வருகிறாள். கண்ணில் தூசி விழுந்த பிள்ளை தடுமாறத்தான் செய்யும்.

தனி டாக்டரிடம் போனால் அந்தச் சோதனை இந்தச் சோதனை என்று நம்மைக் கரைத்துவிடுவார்கள். தர்ம ஆஸ்பத்திரி இரண்டு ஸ்டாப் தள்ளித்தான் இருக்கிறது, தெரியாமல் இல்லை. அங்கே வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் என்னிடம் கண்ணாடி வாங்கியவர்கள். "இலவசக் கண் பரிசோதனை" என்று அப்பா காலத்திலிருந்து போர்டு தொங்கவிட்டுக்கொண்டு, சொந்தப் பிள்ளையின் கண்ணைக் காட்ட அங்கே சீட்டு வாங்கி நின்றால் நாளைக்கு எவன் என் கடைப் படி ஏறுவான்? இதையும் கொஞ்சம் யோசி.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பொறுப்பைப் பற்றி எனக்கு நீ சொல்லாதே. கைக்கு வந்த ரயில் டிரைவர் வேலையை "பிடிக்கலை" என்று ஒரே வார்த்தையில் உதறிவிட்டு வந்தவள் நீ. அப்பா கடைசிவரை அந்த ஆற்றாமையோடுதான் போனார்.

வீட்டில் எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 10

தம்பி,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்க இன்றைக்குக் கை வரவில்லை.

அந்த வேலை எனக்குப் பிடிக்காமல் போகவில்லை. எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் தேறிவிட்டேன். கடைசியில் கண் பரிசோதனை. ஒரு பெட்டிக்குள் பார்க்கச் சொன்னார்கள். உள்ளே வேறு எழுத்துகள், வேறு வரிசை. வலது கண்ணுக்குச் சரியாகச் சொன்னேன். இடது கண்ணுக்கு வாயைத் திறக்க முடியவில்லை. அந்த டாக்டர் ஆச்சரியப்பட்டுக் கேட்டார்: "இருபத்தோரு வயசு வரைக்கும் யாரும் பாக்கலியாம்மா?" எங்கள் அப்பா கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆமாம். எனக்கும் இடது கண்தான். நானும் அதே பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். ஆறு வயசில் ஒருமுறை, "தெரியலப்பா" என்று சொன்னேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். "என் பொண்ணுக்கா தெரியாது? நல்லா பாரு" என்று நறுக்கென்று தலையில் குட்டினார். எங்கள் வீட்டில் யாருக்கும் கண்ணாடி கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் அவர் அடித்துக்கொள்ளும் பெருமை உனக்கும் ஞாபகம் இருக்கும். மறுநாளிலிருந்து வருகிறவர்கள் படிப்பதைக் காதில் வாங்கி உருப்போட்டேன். அடுத்த தடவை ஐந்து வரியும் சொன்னேன். அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எனக்கும்தான்.

வேலை போனதற்குக் காரணம் சொன்னால் அந்தப் பெருமை சந்தி சிரித்துவிடும் என்று "பிடிக்கலை" என்றேன். அவர் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. நான் பொறுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்மீதே பற்றிக்கொண்டு வருகிறது. யாருக்காகப் பொறுத்தேன்? எறிந்த பந்தைக்கூடப் பிடிக்கத் தெரியாமல் ஒரு கண்ணோடு வளர்ந்தவள் நான். மாடிப்படியில் இறங்கும்போது இன்றைக்கும் கைப்பிடியை விடமாட்டேன். நீங்கள் எல்லோரும் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

எனக்கு அன்றைக்கே அந்த டாக்டர் விளக்கிச் சொன்னார். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை வைத்தே வேலையை நடத்திக்கொள்ளும். மாறுகண் இருக்காது. வலி இருக்காது. வெளியே ஒன்றுமே தெரியாது. சின்ன வயசில் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மூடி, சோம்பிக் கிடக்கும் கண்ணை வேலை வாங்கினால் பார்வை வரும். வயசு ஏற ஏற அது கஷ்டம். வாண்டுக்கு அக்டோபரில் எட்டு முடிகிறது. உனக்கு உன் கடைப் படி பெரிதாக இருக்கிறது!

தர்ம ஆஸ்பத்திரியில் புதன்கிழமை குழந்தைகளுக்கென்றே டாக்டர் வருகிறார். விசாரித்துவிட்டேன். சீட்டுக்கு ஒரு டீ குடிக்கிற காசுதான். அதற்குமேல் தடையாக நிற்பது உன் மானம் மட்டும். அதை அரை நாள் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போ.

போர்டைப் பற்றி எழுதியிருந்தாய். கண்ணாடி விற்க முடிந்தவர்களை மட்டும் கண்டுபிடிக்கிற பரிசோதனை இலவசமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அக்கா

ஜூன் 29

தம்பி,

பத்தொன்பது நாள் ஆயிற்று. மூன்று புதன்கிழமை போய்விட்டன. போன் எடுக்க மாட்டேன் என்கிறாய். கோபம் இருக்கட்டும், கடைசிவரை என்னோடு பேச வேண்டாம். அடுத்த புதன்கிழமைக்கும் நீ போகவில்லை என்றால் லீவு போட்டுவிட்டு நானே வந்து பிள்ளையைக் கூட்டிப் போவேன். உன் கடை வாசல் வழியாகத்தான் கூட்டிப் போவேன்.

அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்கா,

போனோம்.

நான் போனதற்கு உன் மிரட்டல் காரணம் இல்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு பலகையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினேன். அவள் வலது கண்ணை அவள் கையால் மூடவிடாமல் என் உள்ளங்கையால் மூடினேன். மேலே பெரிய எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இப்போது பொடி எழுத்து. கண்ணைச் சுருக்கக்கூட இல்லை. மேலிருந்து பழைய வரிசையை அப்படியே சொல்ல ஆரம்பித்தாள். ஐந்து வரியும் சொல்லி முடித்துவிட்டு, "கரெக்டாப்பா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

புதன்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் என் வாடிக்கையாளர்தான். "என்ன கடைக்காரரே, நீங்க இங்க?" என்றார். "பொண்ணுக்குக் கண் தெரியலீங்க" என்று சொன்னேன். சொன்னதும் மானம் ஒன்றும் போகவில்லை, அக்கா. அவர் எனக்கு இடம் விட்டு முன்னால் போகச் சொன்னார்.

டாக்டர் அம்மா சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் பார்த்தார். நீ எழுதியதையே சொன்னார். "ரெண்டு மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா சுலபமா இருந்திருக்கும். இப்பவும் கைவிட வேண்டியதில்லை. ஆனா ஒரு நாள் விடாம செய்யணும்" என்றார். நான் என்ன தொழில் செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். திட்டியிருக்கலாம்.

இடது கண்ணுக்குப் பெரிய பவர். கண்ணாடியை நானே செய்து போட்டுவிட்டேன். தினமும் ஆறு மணி நேரம் நல்ல கண்மேல் பட்டை ஒட்ட வேண்டும். இதற்குச் சோம்பேறிக் கண் என்று பெயராம். வாண்டுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் மூக்குக்குமேல் கோபம். "நான் ஒண்ணும் சோம்பேறி இல்ல, டாக்டர்" என்று சண்டைக்கே போய்விட்டாள்.

அக்கா, பட்டை ஒட்டுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதல் நாள் ஒட்டிவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். கை நீட்டினால் தொடுகிற தூரம். "அப்பா, எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். இதோ இருக்கேன் கண்ணு என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டாள். மூன்றாம் நாள் ஓவென்று அழுதாள். நான் பட்டையைப் பிய்த்துவிட்டேன். அரை மணி நேரம்தான். பிறகு திரும்ப ஒட்டினேன்.

கடைக்கு வந்த குழந்தைகளின் பெயரெல்லாம் நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு வீடாகப் போய், நான் பார்த்தது போதாது, புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர் கதவைப் பாதி திறந்தபடியே கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

இனி என் முறை. உன்னைப் பற்றியும் டாக்டரிடம் சொன்னேன். "ஒரு கண்ணை மட்டும் நம்பி லேத்துல வேலை பாக்கறாங்களா? பாதுகாப்புக் கண்ணாடி போடாமயா?" என்று கோபித்தார். எனக்கும் கோபம்தான். மூன்று கடிதத்தில் என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினாயே, இரும்புத் தூள் பறக்கிற இடத்தில் மிச்சம் இருக்கிற ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாயே, உனக்கு அறிவு வேண்டாமா? உடையாத கண்ணாடி ஒன்று பார்சலில் வருகிறது. நாற்பது தாண்டியவர்கள் கண் அழுத்தமும் சர்க்கரையும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். உனக்கு நாற்பத்தாறு. வந்து பார்த்துக்கொள்.

அப்பாவைப் பற்றி எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ரயில் வேலையைப் பற்றி நான் எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு.

உன் தம்பி

ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

கண்ணாடி வந்தது. காதுக்குப் பின்னால் கொஞ்சம் கடிக்கிறது. ஆனாலும் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். சூப்பர்வைசரிடம் என் இடது கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். லேத்திலிருந்து மாற்றுவாரோ என்று பயந்தேன். மாற்றவில்லை. எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்க எழுதிக் கேட்கிறேன் என்றார். கேட்டால் சரி.

உன்னை மன்னிக்க என்ன இருக்கிறது? அப்பாவை மட்டும் இன்னும் முடியவில்லை. அது என் பாடு, விடு.

நீ பிய்த்த அந்த அரை மணி நேரத்துக்காக உன்மேல் இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. இனி அவள் எப்படி அழுதாலும் பட்டையில் கை வைக்காதே. இன்னொன்றும் சொல்கிறேன், மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேள். அவள் "அப்பா, எங்க இருக்கீங்க?" என்று கேட்டால் "இதோ இருக்கேன்" என்று குரல் கொடுக்காதே. கையையும் பிடிக்காதே. நீ குரல் கொடுத்தால் அவள் காதால் கண்டுபிடித்துவிடுவாள், அந்தக் கண் மறுபடி தூங்கிவிடும். வாயை மூடிக்கொண்டு எதிரே உட்கார்ந்திரு. அவளே பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.

உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உன் பக்கத்தில் நானும் பேசாமல் உட்காருகிறேன்.

உன் அக்கா